சொந்த வண்டியா?

ஐந்து ரோடு தாண்டுமுன் கேட்டுவிடுவார்கள்.
சிலர் சீட் பெல்ட்டைத் தேடிக்கொண்டே,
சிலர் போனில் ஒரு காதை வைத்துக்கொண்டே:
"சொந்த வண்டிங்களா?"

ஆமாங்க என்பேன்.
ஆர்.சி. புத்தகத்தில் என் பேர்தான்,
வ. மாதேசன், தாதகாப்பட்டி.
அதற்குக் கீழே இன்னொரு பேர்,
பைனான்ஸ் கம்பெனியுடையது.
நாற்பத்தொரு மாதமாகிறது,
அந்தப் பேர் ஒருமுறைகூட
டயருக்குக் காற்றடித்ததில்லை.

இன்று ஜங்ஷனில் ஏறியவர் ஏற்காட்டுக்கு.
நாட்டு நடப்பு முழுக்கத் தெரிந்தவர்.
அஸ்தம்பட்டியில் பெட்ரோல் விலை,
கோரிமேட்டில் அடுத்த தேர்தல்,
அடிவாரம் செக்போஸ்ட்டில் உலகப் போர்.
மூன்றாம் வளைவில்,
"டிரைவரே இல்லாத கார் வந்துருச்சு, தெரியுமா?"

தெரியுங்க. நானும் போனில் பார்த்தேன்.
அந்தக் காருக்கு மூத்திரம் முட்டாது,
வீட்டுக்காரர் அட்வான்ஸ் ஏத்திக் கேட்க மாட்டார்.
ஆனால் ஏழாம் வளைவில்
மேலிருந்து பஸ் மூக்கை நீட்டும்போது
யார் பின்னுக்குப் போவதென்று
இரண்டு பேர் கண்ணால் பேசிக்கொள்ள வேண்டும்.
இதைச் சொல்லவில்லை.
ஹாரன் அடித்தேன்.

"ஆப்காரன் நல்லாத்தான குடுக்கறான் உங்களுக்கு?"
அவர் போன் காட்டியது ஆயிரத்து நூற்றுப் பத்து.
என் போன் காட்டியது எழுநூற்று எண்பத்திரண்டு.
ஒரே கார், ஒரே மலை.
முந்நூற்று இருபத்தெட்டு ரூபாய்
எந்தக் கதவைத் திறந்து எங்கே இறங்கிப் போனதென்று
கண்ணாடியில் பார்த்தேன்.
சில்வர் ஓக் மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

நேற்று ராத்திரி
கொண்டலாம்பட்டி பாலத்துக்கு அடியில் இதே பேச்சு.
எல்லாரும் ஒருநாள் ஆப்பை அணைத்துப் போடணும்,
அப்பத் தெரியும் என்றான் நூருல்லா.
நீங்க அணைங்கடா,
அன்னைக்கு நான் மூவாயிரம் பார்த்துக்கறேன்
என்றான் கணபதியப்பன்.
சிரித்தோம். உண்மையைச் சொன்ன குற்றத்துக்கு
டீக்காசு அவன் தலையில்.
சவரிமுத்து வண்டியை விற்றுவிட்டான்.
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கடைக்காரருக்குச் சம்பள டிரைவர்.
"நிம்மதியாத் தூங்கறேன்" என்கிறான்;
சொல்லும்போது அவன் உள்ளங்கை
என் வண்டியின் பானெட்டைத் தடவிக்கொண்டிருக்கிறது.

எனக்கும் ஒரு கருத்து உண்டு.
கிலோமீட்டருக்கு இவ்வளவென்று
சர்க்கார் எழுதி ஒட்டட்டும்,
இறக்கத்தையும் சேர்த்து.
யாரும் கேட்கவில்லை.
ஏரிக்கரையில் இறங்கியவர் நான்கு நட்சத்திரம் போட்டார்.
காரணம்: ஓட்டுநர் சரியாகப் பேசவில்லை.

மேலே போனால் கீழே சவாரி விழாது.
ஒரு மணிநேரம் நின்றேன். பிறகு இன்னொரு மணிநேரம்.
மிளகாய் பஜ்ஜி முப்பது ரூபாய்.
பிறகு காலி வண்டியை உருட்டிக்கொண்டு இறங்கினேன்.
ஆப்பின் கணக்கில் இந்த இறக்கம் நடக்கவே இல்லை.
அதன்படி நான்
இருநூறு தடவை ஏற்காடு ஏறியவன்,
ஒருதடவைகூட இறங்காதவன்.

பதினான்காம் வளைவில் ஒரு அம்மா கைகாட்டினாள்.
கூட ஒரு பலாப்பழம்.
அதைப் பின்சீட்டில் வைத்து
உருளாமல் பெல்ட் போட்டுவிட்டேன்.
முன்னால் உட்கார்ந்து
முந்தானை முடிச்சை அவிழ்த்து
முதலிலேயே ஐம்பது ரூபாய் கொடுத்தாள்.
அதில் யாரும் கை வைக்கவில்லை;
ஐம்பது ஐம்பதாகவே பாக்கெட்டுக்கு வந்தது.

"சொந்த வண்டியா சாமி?"

என்னவோ, அவளிடம் ஆமாங்க வரவில்லை.
பாதிம்மா என்றேன்.

"எந்தப் பாதி?"

யோசித்தேன். ஓடுற பாதி.

"அப்ப நிக்கற பாதி?"

வளைவு வந்துவிட்டது.
கீழே, வெயிலில்,
சேலம் முழுக்கத் தெரிந்தது.
செகண்ட் கியருக்கு மாற்றினேன்.