முன்னே பின்னே ஐந்து மீட்டர்

வியாழன் இரவே இறக்கிவிட்டேன்,
வைஃபை எட்டும் ஒரே மூலையில், சமையலறை மேசையில்.
மலையைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போனுக்குள் அடுக்க
உருளைக்கிழங்கு வேகும் நேரம் ஆனது.
பத்தாவது சதுரத்துக்கு இடமில்லை;
மகள் எடுத்த நாய்க்குட்டி வீடியோக்களை அழித்து
ஓடையின் வடகரையை வாங்கினேன்.

வயோமிங்கில் அக்டோபர். விடிகாலை நாலரை.
தார்ச்சாலை முடிந்த இடத்தில் சிக்னலும் முடிந்தது.
கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பள்ளிப் பேருந்துபோல
ஒரு நிசப்தம்.
(மற்ற நாட்களில் அதுதான் என் வேலை.)

போனை உள்பனியனுக்குள் வைத்தேன், வயிற்றோடு ஒட்டி.
குளிரில் பாட்டரியை நம்பக் கூடாது,
நாற்பது சதவீதம் என்று சொல்லிக்கொண்டே செத்துவிடும்.

வரைபடத்தில் இன்னும் ராய்ஸ் குத்திவைத்த ஊசிகள்.
விவாகரத்தில் டிரக்கைப் பிரித்தோம், உறைபெட்டியைப் பிரித்தோம்,
இந்தக் கணக்கைப் பிரிக்க இருவருக்கும் தோன்றவில்லை.
"தண்ணீர் உண்டு."
"பழைய கம்பி, கிழிக்கும்."
"ஆண் எல்க், செப்டம்பர் 19, தவறவிட்டேன்."
மேட்டுப் பாறையில் குத்தியதில் மட்டும் "வேண்டாம்."
எது வேண்டாம் என்று இல்லை.
சுற்றிக்கொண்டு போனேன்,
பதினோரு வருடம் பழகிய கால்கள்.

ஏழு பத்துக்குச் சுட்டேன். பெண் எல்க்.
அது நின்றது அரசு நிலம், நான் படுத்திருந்தது அரசு நிலம்.
அது விழவில்லை.
எதையோ மறந்து வந்ததுபோல் திரும்பிப் பார்த்தது,
பிறகு ஆஸ்பென் மரங்களுக்குள் நடந்தது.
ரத்தம் முதலில் நுரையாக, பிறகு துளியாக.
பிறகு எல்க்கே கிடந்தது,
ஊதாக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

தரையில் ஊதா இல்லை.
வேலி இல்லை, நட்ட கல் இல்லை,
சேஜ் புதர் இரு பக்கமும் ஒரே மணம்.
போனில் மட்டும் கோடு, அதன் மேல் பெயர்:
எங்வால் அறக்கட்டளை, அறுநூற்று நாற்பது ஏக்கர்.

நீலப் புள்ளி நான். என்னைச் சுற்றி
வெளிறிய ஒரு வட்டம்: முன்னே பின்னே ஐந்து மீட்டர்.
ஓரடி வைத்தேன், உள்ளே என்றது.
அசையாமல் நின்றேன், வெளியே என்றது.
எல்க்கின் பின்னங்கால் நான்கு மீட்டரில்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்;
கைக்கே எட்டியதா என்பதை
வானத்தில் சுற்றும் நாலு பெட்டிகள்
இன்னும் பேசி முடிக்கவில்லை.

நேர்மையைப் பற்றி யோசித்தேன் என்று சொல்லமாட்டேன்.
காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இருநூறு கிலோ.
ஒரு விரற்கடை நகர்ந்தது.
இலைச்சருகில் ஒரு கோடு விழுந்தது,
அந்த மலையில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே கோடு.
விட்டுவிட்டேன்.

உயரம் தேடி ஏறியபோது இருந்தது ஒரே பாறை,
"வேண்டாம்."
அதன் மேல் நின்றதும் போன் உடம்பெல்லாம் நடுங்கி
இரண்டு நாள் செய்திகளைக் கொட்டியது.
ஒரு கோடு சிக்னல்.
ஒரு நவம்பரில் நான் அவனைக் கூப்பிட்டேன்,
கத்தினேன், அவன் பதில் பேசவே இல்லை,
பின்னால் காற்று மட்டும் கேட்டது.
இந்தக் காற்றுதானா?

வனக்காவலர் அலுவலகம் ஓர் எண் கொடுத்தது.
டென்வரில், பல் மருத்துவர் வாசலில், ஒரு பெண் எடுத்தாள்.
"எந்த நிலம்?" என்றாள்.
சொன்னேன்.
"அங்கே எல்க் இருக்கிறதா?"
இருந்தது என்றேன்.
"எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள்."
கேட் இல்லை. சாத்துகிறேன் என்றேன்.

இறங்கும் வழியில் போன் அணைந்தது.
பரவாயில்லை, அண்டங்காக்கைகள் வட்டமிட்டன.
அந்த வட்டத்தில் ஒரு மீட்டர்கூடப் பிழை இல்லை.
ஒரு கண்ணை ஏற்கெனவே எடுத்திருந்தன.
நாலு நடை சுமந்தேன், கடைசி நடை நிலா வந்தபின்.

வீட்டில் சார்ஜ் ஏறியதும் அந்த ஊசியைத் திறந்தேன்.
அழிக்கவில்லை. "வேண்டாம்" என்பதற்குக் கீழே
"ஒரு கோடு கிடைக்கும்" என்று சேர்த்தேன்.
அவன் போனிலும் அது
இந்நேரம் மாறியிருக்கும்.