ஒற்று மிகும் இடம்

ஈரோடு பார்க் ரோட்டில், பார்சல் ஆபீஸ் மாடியில்,
மஞ்சள் மூட்டை வாசத்துக்கும் டீசல் புகைக்கும் நடுவே
எனக்கொரு மேசை, ஒரு வேலை:
சீட்டில் கிறுக்கிய முகவரிக்குள் ஊரைக் கண்டுபிடி.
ஊர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது.
சீட்டுகள், நாளுக்கு ஒன்பதாயிரம்.

முதலில் எழுதியது ஒரு மந்த நிரல்.
அந்தியூரைத் தேடி எல்லாச் சீட்டையும் படித்தது.
முடித்ததும் அம்மாபேட்டையைத் தேடி
எல்லாச் சீட்டையும் மறுபடி படித்தது.
வெள்ளகோவிலுக்கு வந்து சேர்வதற்குள்
கீழே இரண்டு லாரி கிளம்பிவிட்டன.
"ஏனுங், பொட்டி தூங்கிருச்சுங்களா?"
படியில் நின்று கேட்டான் செங்கோடன்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிரித்து மேய்ந்தேன்.
பட்டியலை மரமாக்கினேன்.
பெருமாநல்லூர், பெருந்துறை, பெருந்தலையூர்
மூன்றுக்கும் 'பெரு' ஒரே தண்டு.
'ம' வந்தால் ஒன்று அங்கேயே பிரியும்.
மற்ற இரண்டும் 'ந்' தாண்டி 'த' வரைக்கும் கூடவே போகும்.
கணினிக்குத் 'து' என்பது
ஒரு 'த'வும் பின்னால் ஒரு வாலும்.
வால் வந்தால் துறை. வராவிட்டால் தலையூர்.

நுட்பமெல்லாம் தடுக்குகிற இடத்தில்.
எழுத்துப் பொருந்தாமல் போனால்
ஆரம்பத்துக்கு ஓடாதே.
படித்ததன் வாலே இன்னோர் ஊரின் தலையாக இருக்கலாம்,
அந்தக் கிளைக்குத் தாவு,
கையில் இருப்பதைக் கீழே போடாமல்.
சீட்டை ஒரே ஒருமுறைதான் படிக்கும் கண்.

இருபத்து மூன்று நிமிடம் போய்
இரண்டு வினாடி.
முதலாளி நம்பவில்லை. மறுபடி ஓட்டிக் காட்டினேன்.

வியாழக்கிழமை போன்.
"ராக்கியண்ணன் பேசறனுங்க, கோபியில இருந்து.
அறுநூறு கல்யாணப் பத்திரிகைங்க.
ஞாயித்துக்கெழம சாமிகிட்ட வெச்சு எடுக்கோணும்.
கட்டு இன்னும் வந்து சேரலீங்க."

கட்டு செட்டிப்பாளையத்தில் இருந்தது.
கோயமுத்தூருக்கும் தெற்கே,
கோழித்தீவன மூட்டைகளுக்கு அடியில், பத்திரமாக.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து.
கோபிசெட்டிப்பாளையம்.
என் பட்டியலில் கோபிக்கு அந்த 'ப்' கிடையாது.
செட்டிப்பாளையத்துக்கு உண்டு.
நிரல் சொன்னபடிதான் நடந்திருக்கிறது:
கோபிசெட்டி வரைக்கும் வந்து
அடுத்த 'ப'வின் தலையில் புள்ளியைக் கண்டு திகைத்து,
ஆரம்பத்துக்கு ஓடாமல்,
கையில் இருந்த 'செட்டிப'வைக் கீழே போடாமல்,
பக்கத்துக் கிளைக்குத் தாவி
ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.
கோபியை மட்டும் வழியில் இறக்கிவிட்டு.

பள்ளியில் ஒற்று மிகும் இடம் தெரியாமல்
எனக்குப் போனது இரண்டு மதிப்பெண்.
இங்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

அன்று சாயங்காலம் புக்கிங் பூங்கோதையிடம்
பத்து மாதக் கார்பன் சீட்டுகளைக் கேட்டு வாங்கினேன்.
காங்கயம், காங்கேயம், காங்கெயம்.
பெருந்தொறை. சென்னிமல.
மொடக்குறிச்சியை ஐந்து விதமாக எழுதுகிறார்கள்,
ஐந்து பேரும் அந்த ஊர்க்காரர்கள்.
உருபு சேர்ந்தால் 'ம்' உதிர்ந்து 'காங்கயத்துக்கு' ஆகிறது;
அதையும் சேர்த்தேன்.
எதையும் திருத்தவில்லை.
அவர்கள் எழுதியதை அப்படியே கிளையில் கட்டினேன்.

ஆயிரத்து நூற்று நாற்பது
நாலாயிரம் ஆனது.
ஓட்டினேன். அதே இரண்டு வினாடி.
மரம் பெருத்துவிட்டது,
நடக்கிற தூரம் சீட்டின் நீளம்தானே.

சனி ராத்திரி கட்டு கோபி போய்ச் சேர்ந்தது.
திங்களன்று செங்கோடன் கையில் ஒரு பத்திரிகை வந்தது,
ராக்கியண்ணன் கொடுத்தனுப்பியது, மஞ்சள் தடவி.
"உங்களையும் வரச் சொன்னாருங்."
மண்டபத்தின் பெயருக்குக் கீழே பொன்னெழுத்தில்
கோபிச்செட்டிப்பாளையம்.
'ச்' ஒன்று. 'ப்' ஒன்று.

டீ ஆறட்டும் என்று வைத்துவிட்டு
பட்டியலைத் திறந்தேன்.
நாலாயிரத்து ஒன்று.