கெர்மென்ஜிக் சாலையில் பழுதான வண்டி

விடியற்காலை நாலு மணிக்கு
டார்ச் வெளிச்சத்தில் நடக்கிறது பேரம்.
இலெக் என்பார்கள் அங்கே:
ஆண் அத்தி, தின்ன உதவாத பச்சைக்காய்.
ஒன்றைப் பிட்டு உள்ளங்கையில் தட்டுகிறாள் ஷெர்மின்.
சிந்திய மிளகுப்பொடி
தானே நகர்ந்தால் நல்ல சரக்கு.
அந்தப் பொடி ஒவ்வொன்றும் ஒரு குளவி.
பூச்சி இருக்கிறதா என்று கேட்டு
கூடுதல் காசு கொடுக்கும் சந்தை
வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.
பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று
முகம் சுளிக்கும் நம் பழமொழி
இங்கே வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளும்.

மூன்று சாக்கு, ஆறாயிரம் லிரா.
வெயில் ஏறுமுன் கிளையில் தொங்கியாக வேண்டும்.
காய்க்குள்ளே
சிறகே முளைக்காத ஆண்கள்
பெண் உறங்கும் அறையைக் கடித்துத் திறந்து
கூடி, அங்கேயே சாகும்.
வானம் என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.
பெண்கள் மட்டும்
உடம்பெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு
சூடு பட்டதும் வெளியேறும்.
அதற்கப்புறம் ஆயுள்
ஒரு பகல், மிஞ்சினால் இன்னொன்று.

ஊர் தாண்டி ஏழாவது கிலோமீட்டரில்
வண்டி இருமி நின்றது.
ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றான் மெக்கானிக், கொட்டாவியோடு.
ஒன்பதுக்கு வந்து சாக்கைக் கழுவு என்றாள்.
சாக்கின் பின்னலில்
ஒன்று, நாலு,
பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது.
கண்ணெதிரே பறந்துகொண்டிருந்தது
அவள் கடன் வாங்கிய பணம்.

சாலையோரம் ஒரு தோப்பு.
இடுப்புயரக் களை, துருப்பிடித்த கேட்,
கேட்டில் நீதிமன்றக் காகிதம்.
மரங்களில் கோலிக்குண்டு அளவில் பெண்காய்கள்,
ஒவ்வொன்றின் அடியிலும்
ஊசி நுழையும் அளவு வாசல்.
மூன்று வருடமாக யாரும் எதுவும் கட்டவில்லை;
மூன்று வருடமும் பிஞ்சிலேயே உதிர்ந்திருக்கின்றன.

கேட்டில் ஏறிக் குதித்தாள்.
கோரைச் சரத்துக்கு நாலு காய்,
மரத்துக்கு ஐந்து சரம்.
பதினோராவது மரத்தில் ஒரு ஆள் நின்றார்,
வாயில் பிரஷ், தோளில் துண்டு.
"இது யார் தோப்பு தெரியுமா?"
"தெரியாது. இவற்றுக்கும் தெரியாது."
"என் தம்பிக்கும் எனக்கும் வழக்கு..."
"நீங்கள் உயரம். அந்த மேல்கிளையில் கட்டுங்கள்."
ருக்னெத்தின் கட்டினார்.
உதட்டோரம் பற்பசை காய்ந்து வெளுத்தது.
சாக்கு தீரும்வரை
வழக்கு எண் என்ன என்று அவளும் கேட்கவில்லை,
நீ யார் என்று அவரும்.

முட்டையிட இடம் தேடி
அவள் நுழைகிறாள். நான் குளவியைச் சொல்கிறேன்.
வாசல் அத்தனை குறுகல்,
சிறகு பிய்ந்து வெளியே ஒட்டி நிற்கும்.
உள்ளே நூற்றுக்கணக்கில் பூ.
எதிலும் அவள் முட்டைக்கு இடமில்லை,
இது பெண்மரம், கருவாசல் அவளுக்கு எட்டாத ஆழம்.
இங்கே இல்லையா, அங்கே,
அங்கேயும் இல்லையா என்று
இருட்டில் அவள் ஏமாந்து நடந்த நடைக்குத்தான்
நாம் பழம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அத்தி பூத்தாற்போல் என்கிறோமே,
அத்தி வருடா வருடம் பூக்கத்தான் செய்கிறது.
பார்க்கப் போனவள்
திரும்பி வந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மறுவாரம் மறுபடி கடன்,
மறுபடி நாலு மணிச் சந்தை.
ஷெர்மினின் சொந்த மரங்களில்
அந்த வருடம் சுமாரான காய்ப்பு.

ஆகஸ்டில் அதே வழியாக வந்தாள்.
கேட்டில் காகிதம் அப்படியே.
தரையெங்கும் தேன் கசிந்து
தானாய் விழுந்து கிடந்த பழங்கள்.
ஒரே மரத்தின் இருபுறம்
ஆளுக்கொரு வாளியோடு இருவர்,
முதுகைக் காட்டிக்கொண்டு, பேசாமல், பொறுக்கிக்கொண்டு.
ஒருவர் மற்றவரைவிடக் கொஞ்சம் உயரம்.

அவள் ஹாரன் அடிக்கவில்லை.
ஆறாயிரத்தை ஒருமுறை
மனசுக்குள் வட்டியோடு கூட்டிப் பார்த்தாள்.
கியர் மாற்றினாள்.
வண்டி இருமியது,
நிற்கவில்லை.