பதினொரு மாத ஒப்பந்தம்

வாடகை வீட்டுக்கு எழுதுவது போலத்தான்
எனக்கும் எழுதினார்கள்.
பதினொரு மாதம்.
பன்னிரண்டாவதில் நான்
கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் இறங்கி
ஷூப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு
சோனாங்குப்பத்துக்குப் படகு ஏறுவேன்.

"லீவா?" என்பான் கழி போடும் தேசிங்கு.
"லீவுதான்."
பதினான்கு வருஷமாக
எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு.

மண்ணை வைத்து ஊர் சொல்வேன்.
மலப்புரத்து மண்
வாளித் தண்ணீரை வெற்றிலை துப்பியது போலாக்கும்.
கொல்கத்தா மண் நகக்கண்ணில் புகுந்தால்
பொங்கலுக்குத்தான் போகும்.
கோவாவில் செயற்கைப் புல்;
காலுறையை உதறினால் ரப்பர் மணிகள்
கறுப்பு உளுந்தாய்க் கொட்டும்.
தேவனாம்பட்டினத்து மணல் மட்டும்
பையின் அடித்தையலில் எப்போதும் கொஞ்சம்.
அதைத் தட்டியதில்லை.

ஆறாம் நம்பர், பதினாலு, இருபத்து மூன்று.
ஒரு சீசன் முழுக்க எவனோ விட்டுப்போன எட்டு.
ஸ்டிக்கரை உரித்த பிறகும்
பசைத் தடத்தில்
என் முதுகு பிரான்சிஸ்தான்.

செவன்ஸ் ஆட்டத்தில்
கமுகு மரக் கேலரி நெறிய நெறிய
மைக்காரர் "பாண்டிச்சேரிப் புயல்" என்றார்.
கடலூர் என்றேன் இடைவேளையில்.
புயல் சரி, அது எங்களுக்கும் பழக்கம்தான்,
ஊரை மட்டும் மாற்றுங்கள் என்றேன்.
இரண்டாம் பாதியில் "கூடலூர்" ஆக்கினார்.
ஆட்டத்துக்கு மூவாயிரம்,
பரோட்டா தனி.

மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸில்
விளையாட்டு ஒதுக்கீட்டு மனுவைப் புரட்டியவர்
"வைரக்கண்ணு, தகப்பனார் கஜபதி" என்று
ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தார்.
மைதானங்களில் எனக்கு அது வாய்த்ததில்லை.

எத்தனை கோல்?
ஒன்பது, மேடம்.
பதினாலு வருஷத்திலா?
பதினாலு வருஷத்தில்.
(பத்தாவதாக ஒன்று உண்டு.
அது எங்கள் வலையில் விழுந்தது, சொல்லவில்லை.)
பின்னே என்னதான் பண்ணினீங்க?

வாங்கிக் கொடுப்பேன், மேடம்.

அந்த அறையில் அந்தச் சொல்லுக்கு
வேறு பொருள் இருந்திருக்க வேண்டும்.
பக்கத்து மேஜைக்காரர் பேனாவை மூடினார்.
ஃபேன் சத்தம் மட்டும்.

"பந்தை" என்று சேர்த்தேன்.

ஆதாரம் கேட்டார்.
கடிதம் தந்த மூன்று கிளப்பில்
ஒன்று இப்போது கல்யாண மண்டபம்,
இன்னொன்றின் போனை ஒரு குழந்தை எடுக்கிறது.
பிளாஸ்டிக் உறையிலிருந்து பேப்பர் கட்டிங்கை நீட்டினேன்.
படத்தில் கை விரித்து ஓடுகிறான் கோல் போட்டவன்.
ஓரத்தில், அச்சு வெட்டியது போக,
முட்டிக்குக் கீழே ஒரு கால்,
சரிந்த காலுறை.
இது நான்தான், மேடம்.

காலில் பேர் இல்லையே என்றார்.
கேலியாகச் சொல்லவில்லை.

எழுபத்தோராவது நிமிஷம், மழை.
இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே
ஒருக்களித்த கதவளவு சந்து.
நான் ஆளைப் பார்க்கவில்லை,
அவன் இன்னும் வந்து சேராத இடத்தைப் பார்த்தேன்.
தண்ணீர் தேங்கியிருக்கும், பந்து நிற்கும், 
அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினேன்.
போய்ச் சேர்ந்தது.
எல்லோரும் அவன்மேல் விழ ஓடினார்கள்.
நானும்தான் ஓடினேன்.
இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

மனு பதிவானது. வயது வரம்பை
மேலிடத்தில் கேட்டுச் சொல்வார்களாம்.

சாயங்காலப் படகில்
ஐஸ் பெட்டி, இரண்டு கேஸ் சிலிண்டர்,
கூடைகளோடு நாலைந்து பெண்கள்.
உப்பனாற்றில் டீசல் பளபளத்தது.
தேசிங்கு இந்த முறை லீவா என்று கேட்கவில்லை.
என் முட்டியைப் பார்த்தான்,
தண்ணீரைப் பார்த்தான்.
"ஓரத்துல பாரம் ஏறிப்போச்சு" என்றான்,
"நடுவுல குந்து."

இடது கால் மடங்கவில்லை.
நீட்டிக்கொண்டு குந்தினேன்.