துரு ஏறிய அச்சு

லிடியா பெய்ரோ செயற்கைப் பல் செய்பவள்.
வார்த்ததா, அச்சில் அடித்ததா,
விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றினால் தெரிந்துவிடும்.

தூரின் சந்தையில் மழை விட்டிருந்த ஞாயிறு.
கதவுக்குமிழ்களுக்கும் கரண்டிகளுக்கும் நடுவே
ஒரு தீப்பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் போப்பாண்டவர்.

முன்பக்கம் பதின்மூன்றாம் கிரகோரி:
தாடி, அங்கியின் மடிப்பு,
தொட்டுப் பார்க்கத் தோன்றும் காது.
பின்பக்கம் தேவதூதர்.
ஒரு கையில் சிலுவை, மறுகையில் வாள்.
விழுகிறவர்களுக்கு அரிசி அளவு முகம்.
ஓரத்தில் லத்தீன், 1572:
ஹ்யூகனோக்களின் படுகொலை.
சங்காரம் என்றும் படிக்கலாம்.
செதுக்கியவன் அப்படித்தான் படித்திருப்பான்.

அவள் பள்ளத்தாக்குக்கும்
தூதர்கள் வந்து போனதுண்டு,
சிறகில்லாமல், குதிரையில்.

"அந்த வருஷத்தது இல்லை" என்றார் நெவியோ.
"அச்சில் துரு ஏறினபின் அடித்தது.
நூறு வருஷம் கழித்தோ, இருநூறோ.
கேட்டவர்களுக்கு அடித்துக் கொடுத்தார்கள்.
அதனால்தான் விலை கம்மி."

லென்ஸில் பார்த்தாள்.
சிறகெல்லாம் அம்மைத் தழும்பு.

ஆத்திரத்தில் அடித்ததென்றால் அதற்கொரு தேதி இருக்கும்.
இதற்கு வேண்டியிருந்தது
ஒரு சாதாரணக் காலை.
யாரோ அலமாரியைத் திறந்து
அச்சைத் துடைத்து, எண்ணெய் தடவி,
முதல் அடி சரியாக விழவில்லையென்று
இன்னொரு முறை அடித்திருக்கிறார்.

பேரம் பேசாமல் வாங்கினாள்.

வீட்டில், தட்டில் வைக்கும்போதுதான்
எந்தப் பக்கம் மேலே என்று கை நின்றது.
கடைசியில் பல் மெழுகைக் கொஞ்சம் உருட்டி
விளிம்பில் நிறுத்தினாள்,
ஜன்னலோரம்.

வெயில் பட்டால் இளகுகிற மெழுகு.