உச்சி உடைந்த மரம்

நவம்பர் கடைசியில் வந்து இறங்கும்
நாற்பதடி குளிர்க் கண்டெய்னர்.
கதவைத் திறந்தால் முதலில் புகை மாதிரி பனி,
அப்புறம் வாசனை.
வலைக்குள் கைகளைக் குறுக்கிக்கொண்டு
இரண்டு டிகிரியில் தூங்கும் ஓரிகன் மரங்கள்.
பட்டர்வொர்த் வெயில் தொட்டு எழுப்புவதற்குள்
நத்தை இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று
டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.

பதினோரு வருஷமாக
ஊரார் மரத்துக்கெல்லாம் நத்தை பார்த்தவன்
வீட்டில் வைத்திருப்பது பிளாஸ்டிக்.
பினாங்கு ரோட்டில் கழிவு விலையில் வாங்கியது.
காம்புக்குக் காம்பு நிறம் பூசியிருந்தார்கள்:
சிவப்பு கீழே, மஞ்சள் நடுவில், நீலம் மேலே.
நிறமெல்லாம் உரிந்துபோய்
ஒவ்வொரு டிசம்பரும் நானும் பெர்னதெத்தும்
தரையில் உட்கார்ந்து
இது இடுப்பா கழுத்தா என்று சண்டை போடுகிறோம்.

இந்த வருஷம் சொல்லிவிட்டாள்:
"பொய் மரத்துக்கு இனிமேல் தூசி தட்ட மாட்டேன்."
மகன் லியாண்டர் கணக்குப் போட்டான்.
பிளாஸ்டிக் மரம் செய்த பாவம் தீர
பத்து வருஷமாவது அதை வைத்திருக்கணுமாம்.
நம்முடையது இப்போதுதான் கரையேறியிருக்கிறது,
தூக்கிப் போடாதீர்கள்.
"கப்பலில் வருவது மட்டும் புண்ணியமா?"
என்று என்னைப் பார்த்தான்,
கப்பலை நானே ஓட்டி வந்த மாதிரி.

நான் விலையைச் சொன்னேன்.
ஆறடிக்கு நானூற்றைம்பது வெள்ளி.
கொஞ்ச நேரம்
ஃபேன் மட்டும் பேசியது.

அடுத்த புதன்கிழமை
ஃபோர்க்லிஃப்ட் இடித்து ஒரு மரத்துக்கு உச்சி போனது.
"தலையில்லாததை யார் வாங்குவார், எடுத்துக்கொள்"
என்றார் என்சிக் ரோஸ்லான்.
மூன்று இடத்தில் கையெழுத்து.
பைக்கின் பின்சீட்டில் கட்டி ஃபெர்ரியில் ஏறினேன்.
கடற்காற்றுக்கு அது வலைக்குள் சிலிர்த்தது.
பக்கத்துப் பைக்காரன் குனிந்து முகர்ந்து
மலாயில் கேட்டான், "உண்மையா?"
"இலவசம்" என்றேன்.

ஜெலுத்தோங் பிளாட், பதினான்காம் மாடி.
லிஃப்ட் ஒற்றைப்படையில் மட்டும் நிற்கும்.
பதின்மூன்றில் இறக்கி
நானும் மகனும் ஒரு மாடி தூக்கினோம்.
படியெல்லாம் ஊசி.
மறுநாள் அதைக் கூட்டிக்கொண்டே
மேடம் ஊய் கேட்டாள்:
"நல்ல மணம். பாத்ரூம் கழுவினீர்களா?"

நிமிர்த்திப் பார்த்தால் கழுத்துக்கு மேல் வெட்டவெளி.
நட்சத்திரம் எங்கே உட்காரும்?
பெர்னதெத் ஒன்றும் சொல்லாமல்
கட்டிலுக்கடியிலிருந்து பழைய பெட்டியை இழுத்தாள்.
ஒருகாலத்தில் நீலமாயிருந்த கிளைகள், நுனிக் கூம்பு.
துணி காயப்போடும் கம்பியை வெட்டி
முறிந்த இடத்தில் சேர்த்து வைத்துக் கட்டினாள்.
அரசாங்க ஆஸ்பத்திரியில்
எலும்புக்குக் கட்டுப் போட்ட கை அது.
பச்சையும் பச்சையும் ஒத்துப்போகவில்லை.
விளக்குப் போட்டதும் ஒத்துப்போனது.

வந்தவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்.
பிள்ளைகள் "நிஜம்!" என்று கத்தினார்கள்.
ஆறடி மச்சான் அல்போன்ஸ்
"பிளாஸ்டிக்தானே" என்றான்.
முறுக்குத் தட்டோடு நின்று
இரு தரப்புக்கும் தலையாட்டினேன்.

மூன்று ராஜாக்கள் வந்து சேர்வதற்குள்
உடம்பு செம்பட்டையாகிவிட்டது.
எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன,
இந்த ஊர் அதற்கு ஒரு காய்ச்சல்.
குப்பை லோரி முழு மரத்தை எடுக்காது.
குளியலறையில் அறுத்து,
அரிசிச் சாக்கில் போட்டு மூன்று நடை இறக்கினோம்.
உச்சி மட்டும் பெட்டிக்குத் திரும்பியது,
கம்பித் தழும்போடு.

சாம்பல் புதன்.
நெற்றிச் சாம்பலோடு வந்து
செருப்பைக் கழற்றி இரண்டு எட்டு வைத்தேன்,
குதிகாலில் சுருக்கென்றது.
சோபாவுக்கடியில் துடைப்பத்துக்குத் தப்பிய ஓர் ஊசி.
அடுப்படியிலிருந்து பெர்னதெத் கேட்டாள்,
"அதா, இதா?"
பிடுங்கி விளக்கடியில் பிடித்தேன்.
ரத்தம் பட்டிருந்தது, நிறம் தெரியவில்லை.
"என் கண்ணாடியைக் கொண்டு வா" என்றேன்.