முடியளவு

சாவியை முழுக்கச் செருகிவிட்டு
முடியளவு வெளியே இழுக்க வேண்டும்.
இடது கையால் ஸ்டியரிங்கை லேசாக அசைத்து,
கட்டைவிரலால் கீழே அழுத்தி,
மூச்சை விட்டுக்கொண்டே திருப்பினால்
என் பழைய ஜென் கிளம்பும்.

இரண்டு வருஷம் இப்படித்தான்.
கடலூர் முதுநகர் உப்புக்காற்றில்
பூட்டுக்குள் எது கரைந்தது, எது பூத்தது,
யார் கண்டது.
தேங்காய் எண்ணெய் விட்டேன், அது தப்பாம்.
பென்சில் தூளை ஊதினேன்,
பத்து நாள் தாங்கியது.
வீடு வீடாய் ரத்தம் எடுக்கப் போகிறவள் நான்.
வாசலில் இன்ஜினை அணைக்காமல்
ஊசி குத்திவிட்டு ஓடி வருவேன்.

ஒரே ஒரு வசதி:
நாத்தனார் வீட்டுக்காரர் குணசீலன்
இரவல் கேட்பதை விட்டுவிட்டார்.
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பார்த்தார்.
சாவிதான் வளைந்தது.

போன வாரம் சிங்காரத்தோப்புப் பாலத்தில்
மாடு குறுக்கே வர, வண்டி அணைந்தது.
இருபது நிமிஷம்.
பின்னால் மீன் லாரியின் ஹாரன்,
ஐஸ் பெட்டிக்குள் எட்டுப் பேர் ரத்தம்.

"சிலிண்டர் மாத்தணும்" என்றார் ஜக்கரியா.
எனக்குக் கேஸ்தான் ஞாபகம் வந்தது.
கவரைக் கழற்றிக் காட்டினார்:
"சாவி முதல் கட்டத்துக்குத் திரும்பணும்,
அப்பதான் உள்ள இருக்கிற ஆணி அமுங்கும்,
ஆணி அமுங்கினாத்தான் இது வெளிய வரும்."
அவர் திருப்பினார்.
பையன் அஸ்கர் திருப்பினான்.
பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர்
லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து
அவரும் திருப்பினார்.
ட்ரில் போட்டுடட்டா?

"நகருங்க."
முடியளவு. கீழே. மூச்சு.
டிக்.

ஆணியை அவர் அமுக்க
என் கையோடு வந்துவிட்டது.
சுண்டுவிரல் நீளம்.
பித்தளைத் தகடுகளில் ஒன்று
பாதிக்குமேல் இல்லை.
இதுவா அத்தனை பேரையும் நிறுத்தி வைத்தது.

புதிது ஆயிரத்து நானூறு.
ஒற்றை விரலால் திருப்பிக் காட்டினான் அஸ்கர்.
கதவுக்குப் பழைய சாவி, இதற்குப் புதுச் சாவி,
இனிமேல் வளையத்தில் இரண்டு.

மறுநாள் காலையும் கை
முடியளவு பின்னால் இழுத்தது.
அதற்குள் இன்ஜின் கிளம்பியிருந்தது.
யாரோ என் வேலையைச்
செய்து முடித்துவிட்ட மாதிரி
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் போன்.
"வண்டி சரியாயிடுச்சாமே?"

பழைய சிலிண்டர் கைப்பையில்
பஞ்சுப் பொட்டலத்தோடு கிடந்தது.
எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"எங்கண்ணா" என்றேன்,
"ஆயிரத்து நானூறு போனதுதான் மிச்சம்.
இன்னும் என் கைக்குத்தான் திரும்புது."